சுமையுந்துத் தண்ணீர்த் தொட்டியின் தூய்மை: ஜூஜூவாடி எல்லையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

சமையல், படுக்கை, குளியல் மூன்றையும் சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு நகரும் குடித்தனத்தை மேலைநாட்டார் விடுமுறைக்கென்று வைத்திருக்கிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டில் கேரவன் என்பது, 'ஷாட் ரெடி' என்று மூன்று முறை சொல்லியும் கதாநாயகன் இறங்கி வராத வண்டி. ஆனால் மேற்படி மூன்றோடு சாமி படமும் சேர்த்து, விடுமுறையே இல்லாமல் ஓடும் குடித்தனம் ஒன்று நம்மிடம் நெடுநாளாக உண்டு. லாரியைத்தான் சொல்கிறோம்.

அதன் சேஸின் பக்கவாட்டில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய டிரம் ஒன்று இருக்கும். மேலே மூடி, கீழே குழாய். பல் தேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, முகம் அலம்புவது, அவசரத்துக்குச் சோறு பொங்குவது எல்லாம் இதில்தான். இவ்வாய்வு அதன் கொள்ளளவை 50 லிட்டர் எனக் கொள்கிறது. சப்பிய டிரம்களின் உரிமையாளர்கள் பொறுத்தருள்க.

களம், தேசிய நெடுஞ்சாலை 44-ல் கிருஷ்ணகிரி தொடங்கி, சூளகிரி, ஓசூர் வழியாக ஜூஜூவாடி வரை. காரணம் வெளிப்படை. அசோக் லேலண்ட் 1980 முதல் இங்கே வண்டி செய்கிறது. சிப்காட் அதில் சரக்கு ஏற்றுகிறது. மாநில எல்லை அதை நிறுத்திவைக்கிறது. ஒரு லாரியின் பிறப்பு, பிழைப்பு, காத்திருப்பு மூன்றையும் ஒரே மாவட்டத்தில் பார்க்க முடிகிற வசதி ஆய்வாளனுக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

2. முன்னாய்வுகள்

இத்தொட்டி பற்றிய ஆய்வு நமக்குக் கிடைக்கவில்லை. இவ்வெல்லையைக் கடக்கும் தண்ணீரைப் பற்றியோ நூலகமே உண்டு. 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்றது. அதை அளக்கும் பிலிகுண்டுலுவும் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் நிரப்பி ஜூஜூவாடியில் நுழையும் 50 லிட்டரை அளப்பார் யாருமில்லை. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். அதாவது சுமார் 57 கோடி லாரித் தொட்டிகள். எனவே லாரி வழியாகவே நிலுவையைத் தீர்த்துவிடலாம் என்ற யோசனையை, டோல்கேட் வரிசையின் நீளத்தைக் கருதி, இவ்வாய்வு கைவிடுகிறது.

3. 'எங்கே பிடித்தாய்?' என்னும் கோட்பாடு

தண்ணீரின் தரம் பற்றி லாரியில் நிகழும் விவாதம் பெரும்பாலும் இவ்வடிவம் கொள்ளும்:

"டேய் தம்பி, தண்ணி ஒரு மாதிரி இருக்கே. எங்கடா புடிச்ச?"

"அத்திப்பள்ளி பங்க்லதாண்ணா."

"அதான பார்த்தேன். இனிமே நம்ம பக்கம் வந்து புடி."

எதிர்த்திசையில் போகும் கர்நாடக லாரியில் இதே உரையாடல் கன்னடத்தில் நடந்து, ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஆற்றைக் கேட்டால் இரு தரப்பும் சங்கடப்பட நேரிடும். பெங்களூருக்குக் குழாயில் ஏற்றப்படுவது காவிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஓசூருக்கு வருவதும் அதே காவிரி.

இக்கோட்பாட்டுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தவர் ஜான் ஸ்னோ. 1854-ல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, செத்தவர்கள் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். விடை ஓர் அடிபம்பில் போய் நின்றது; அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். லண்டனுக்கு அது சரி. அந்தப் பம்பு தெருவில் ஊன்றிய இடத்தில் நின்றது. நம் தொட்டியோ ஓடுகிறது, காய்கிறது, குலுங்குகிறது. பழைய தண்ணீரின் மேலேயே புதிய தண்ணீரையும் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே இவ்வாய்வின் கருதுகோள்: தண்ணீர் பிறந்த இடத்தில் கெடுவதைவிட இருந்த இடத்தில் கெடுவதே மிகுதி.

4. திணை வகுத்தல்

முதல், கரு, உரி வகுக்காமல் ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுவது தமிழ் மரபன்று. எனவே:

முதற்பொருள்: நிலம், சேஸும் சேஸ் சார்ந்த இடமும். பெரும்பொழுது, மாம்பழ சீசன். சிறுபொழுது, நண்பகல்.

கருப்பொருள்: தெய்வம், வண்டி ஓனர் (காட்சி தருவது அரிது, குரல் மட்டும் போனில் கேட்கும்). விலங்கு, கொசுப்புழு. தாவரம், பாசி. பறை, ஏர் ஹாரன். தொழில், தார்ப்பாய் இழுத்துக் கட்டுதல்.

உரிப்பொருள்: 'இதைக் குடிக்கலாமா' என்னும் ஐயமும் ஐய நிமித்தமும்.

தலைவன் டிரைவர், பாங்கன் கிளீனர். பழி எப்போதும் பாங்கனையே சேரும்.

5. கெடும் வழிகள்

அ) வெளிச்சம். வெள்ளை டிரம் வெயிலை உள்ளே விடும், பாசி பிடிக்கும். கறுப்பு டிரம்மில் பாசி இராது, சூடு இருக்கும். சூட்டில் குளோரின் சீக்கிரம் போய்விடுகிறது. ஓசூரின் குளிர்ச்சியில் ஏறிய தண்ணீர், கிருஷ்ணகிரி இறங்குவதற்குள் தன் காவலனை இழந்து நிற்கும்.

ஆ) வழுவழுப்பு. டிரம்முக்குள் கைவிட்டுத் தடவினால் சுவரில் ஒட்டும் பசை, கிருமிகள் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட குடியிருப்பு. மேலே எத்தனை நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அது காலி செய்யாது. வெறுமனே அலசினாலும் போகாது, தேய்க்க வேண்டும்.

இ) கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரையே விரும்புகிறது. மூடி தொலைந்த டிரம்மில், நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்கிறார்கள். ஓசூரில் ஏறிய கொசு டோல் கட்டாமல் நாக்பூர் வரை போகலாம்.

ஈ) கை. குழாய் இறுகிவிட்டால் மூடியைத் திறந்து சொம்பு விட்டு மொள்வது வழக்கம். ஜாக்கி பிடித்த கையும் கிரீஸ் துடைத்த விரலும் அப்படித்தான் உள்ளே போகின்றன. ஒரு வாஷர் மாற்றச் சோம்பல்பட்டு ஐம்பது லிட்டரைக் கெடுப்பது பொருளியல் நோக்கிலும் நட்டமே.

உ) ஹோஸ். பங்க்கில் வண்டி கழுவும் ஹோஸின் முனை, சற்று முன்பு வரை தரையில் டீசலும் சேறும் கலந்த குட்டையில் கிடந்தது. அதே முனையைத் தொட்டி வாய்க்குள் செருகுகிறோம்.

ஊ) வைப்பர் டப்பா. கண்ணாடி கழுவும் டப்பாவுக்கும் இத்தண்ணீரே போகிறது. 1976-ல் பிலடெல்பியாவின் ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய நிமோனியாவுக்கு அவர்கள் சங்கத்தின் பெயராலேயே லீஜியன் நோய் என்று பெயர் வந்தது. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் வளரும் அக்கிருமி, நீர்த்துளியோடு மூச்சில் ஏறுகிறது. கழுவு திரவம் சேர்க்காமல் வைப்பர் டப்பாவில் வெறும் தண்ணீர் ஊற்றும் ஓட்டுநர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2010-ல் கண்டார்கள். கண்ணாடி துடைக்கும் தண்ணீர்தானே என்று இளக்காரம் கூடாது.

6. புறனடை

விதி சொன்னவன் விலக்கும் சொல்ல வேண்டும். பிறந்த இடமே குற்றவாளியாகும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஃபுளூரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலிருந்து இது நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மிஞ்சினால் பல்லில் காவிக்கறை, முற்றினால் எலும்பில் முடக்கம். தொட்டியைக் கழுவினாலும் குளோரின் போட்டாலும் இது போகாது; காய்ச்சினால் நீர்தான் வற்றும், இது அப்படியே தங்கும். ஜப்பான் நிதியுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' இருப்பதன் காரணம் இதுதான். ஆக, தெரியாத போர்வெல்லில் குடிக்கப் பிடிக்கும்போது மட்டும் டிரைவரின் கேள்வி சரியான கேள்வியே.

இரண்டாவது, தென்பெண்ணை. பெங்களூரின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளும் ஆற்றுக்கு ஆய்வுரை தேவையில்லை, கண் போதும்.

மூன்றாவது, டிரம்மின் பூர்வாசிரமம். தொழிற்பேட்டை ஊரில் பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவர் சொல்லமாட்டார். பல நேரம் அவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் பழையதை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கசியவிடும். உணவுக்கென்று செய்த புது டிரம் வாங்குக. ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை டீச்செலவு.

7. தூய்மை செய்யும் முறை

முதலில் முழுதும் வடித்து, நீள் பிரஷ்ஷால் சுவரையும் மூடியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுக. குழாயைக் கழற்றி அதன் வாயையும் தேய்க்க. பிறகு பாதியளவு தண்ணீர் விட்டு, 5 சதவீத பிளீச் திரவம் 50 மில்லி சேர்க்க. பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 10 கிராம். மக்கில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றுக. பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது; நச்சுவாயு வரும்.

அடுத்தது கலக்கல். கரைசல் எல்லாச் சுவரிலும் பட வேண்டும். இதற்கென்று கருவி வேண்டாம். வண்டியைக் கொஞ்சம் ஓட்டினால் போதும். சர்வீஸ் ரோட்டின் குழிகளுக்கு ஓர் அறிவியல் பயன் இருப்பதை இத்தகைய ஆய்வுகள் மட்டுமே வெளிக்கொணர முடியும். பிறகு முழுதும் நிரப்பி, குழாயைத் திறந்து, குளோரின் நெடி வரும்வரை ஓடவிட்டு மூடுக.

நான்கு மணி நேரம் ஊற வேண்டும். இந்த நேரம் எங்கே கிடைக்கும் என்ற வினா எழலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வரிச் சோதனைச் சாவடி அதை இலவசமாக வழங்கியது. இப்போது அந்தப் பொறுப்பைத் தொழிற்சாலை கேட் ஏற்றிருக்கிறது. லோடு இறக்கக் கூப்பிடுவதற்குள் தொட்டி ஊறிவிடும். பின் வடித்து, நெடி போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுக. தகர டிரம் என்றால் துருப்பிடிக்கும். ஊறவைப்பதைக் குறைத்து, அலசலைக் கூட்டுக.

குடிக்க மட்டும் தனிக் கேன், அதுவும் கேபினுக்குள். அதற்கும் இதே விதிகள் பொருந்தும்.

8. முடிவும் பரிந்துரையும்

'எங்கே பிடித்தாய்' என்ற கேள்வி, பதில் சொல்லும் பொறுப்பை அடுத்த மாநிலத்தின் மேல் போட்டுவிடுகிறது. 'எப்போது கழுவினாய்' என்று கேட்டால் கேட்டவரும் கேட்கப்பட்டவரும் சேர்ந்து மௌனமாக நேர்கிறது. முன்னது செல்வாக்கோடு விளங்குவதற்கு இதுவே காரணமாகலாம்.

லாரியின் பக்கவாட்டில் எஃப்.சி. தேதி, பெர்மிட் தேதி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் எழுதியிருக்கின்றன. அதே பெயின்டரிடம் சொல்லி, டிரம்மின் மேல் 'கழுவிய நாள்' என்று எழுதி, பக்கத்தில் சாக்பீஸால் குறிக்க ஒரு கட்டம் விட்டுவைக்கும்படி இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. மற்றத் தேதிகள் கடந்தால் அபராதம் போட அதிகாரி வர வேண்டும். இதற்கு வயிறே போதும். அதுவும் ரசீது தருவதில்லை.