லாக் வரலையாம் மருமவனுக்கு

வாலே மருமவனே, உக்காரு. டாம்கேட் ஒரு வரிகூட எழுத மாட்டேங்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியாமே? படிச்ச புள்ள, இப்படி வாடலாமா?

லாகிங் டாட் ப்ராப்பர்ட்டீஸைத் திருத்துனேங்கியே, எந்த ஃபோல்டர்ல கெடந்ததை? கேட்டலினா ஹோம் ஒருபக்கம், கேட்டலினா பேஸ் ஒருபக்கம்னு பிரிச்சுப் போட்டது ஒங்க டீம்தான். பேஸ்ல இருக்க கான்ஃப் ஃபோல்டரைத்தான் அது படிக்கும். நீ ஹோம்ல போயி விடிய விடியத் திருத்திருக்க. எதைப் படிக்கேன்னு அது ஒளிக்கவா செய்யுது? ஸ்டார்ட் ஆவும்போதே "கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட்"னு வரிசையா எழுதுதுல்லா, அதுல கான்ஃபிக் ஃபைலோட முழுப் பாதையும் கெடக்கு. லாகைப் படிச்சுப் பாத்தா கௌரவம் கொறஞ்சிரும்னு விட்டுட்டபோல.

சரி, லாகர் லெவல் என்ன போட்ட? டீபக்கா! அடி சக்கை. லாக்ஃபோர்ஜே பாஷையைக் கொண்டாந்து ஜாவா யுட்டில் லாகிங்ல பேசுத. அங்க இருக்கது சிவியர், வார்னிங், இன்ஃபோ, கான்ஃபிக், ஃபைன், ஃபைனர், ஃபைனெஸ்ட். டீபக்னு எழுதுனா அது சண்டைக்கும் வராது, எரர் ஒண்ணும் காட்டாது. பைத்தியக்காரன் ஏதோ எழுதிருக்கான்னு தாண்டிப் போயிரும். பெரிய மனுஷத்தனம் அதுக்காவது இருக்கு.

ஃபைன்னு மாத்திட்டா உடனே கொட்டிரும்னு நெனைக்காத. லாகருக்கு ஒரு லெவல், ஹேண்ட்லருக்குத் தனியா ஒரு லெவல். லாகரை ஃபைன்ல விட்டுட்டு ஹேண்ட்லரை இன்ஃபோலயே வச்சா, கொளத்து மடையத் தொறந்துட்டு வயக்காட்டு வாமடைய அடச்ச கததான். நீ வரப்புல நின்னு வானத்தத் திட்டிக்கிட்டு இருப்ப.

அப்புறம், லிஸனர் ஃபெயில், விவரம் கன்டெய்னர் லாக்ல இருக்குன்னு ஒரு வரி வந்துச்சுல்லா? அதைக் கூகுள்ல போட்டுத் தேடுனியாமே. லாக்ஸ் ஃபோல்டர்ல தேதி போட்டு லோக்கல்ஹோஸ்ட்னு ஒரு ஃபைல் ஒக்காந்திருக்கு. சாதாரணமா ஸ்டாக் ட்ரேஸ் பூராவும் அதுக்குள்ளதான் விழும். பக்கத்துலயே இருக்கதை அமெரிக்காவுல தேடுதியே, கெட்டிக்காரன்லே நீ.

கடைசியா ஒண்ணு காதுல விழுந்துச்சு. டிஸ்க் நெறஞ்சிட்டுன்னு ஓடிக்கிட்டிருக்க டாம்கேட்டோட கேட்டலினா டாட் அவுட்டை ஆர்எம் போட்டு அழிச்சிட்டியாம். ஃபைல் பேரு போச்சு, ப்ராசஸ் அதை இன்னும் இறுக்கிப் புடிச்சிருக்கு. அதான் எடமும் திரும்பல, லாகும் கண்ணுல படல. எல்எஸ்ஓஎஃப் அடிச்சுப் பாரு, "டெலிட்டட்"னு எதிர்ல நிக்கும். அழிக்காம ட்ரங்கேட் பண்ணிருந்தா எடம் அப்பவே திரும்பிருக்கும். இனி சுலபமான வழி ரீஸ்டார்ட்தான். மேனேஜர்ட்ட எப்படிச் சொல்லுவேன்னு என்னையப் பாக்காத. நான் ஊருக்குப் போற பஸ்ஸு வந்துட்டு.