வாயைத் திறவும் மருமவனே

வாரும் மருமவனே, திண்ணையில இப்படி உக்காரும். ஒரு வாரமாத் தெருவே பேசுது. ஒம்ம தொண்டைக்குள்ள என்னமோ சிக்கிக்கிட்டு நிக்காம்லா? துப்புனா வரலையாம், முழுங்குனா இறங்கலையாம். அய்யோ பாவம்னுதான் நானும் நெனைச்சேன். ஆனா நேத்து கோயில் கெடா வெட்டுல ஒம்மை முதப் பந்தியிலயும் பாத்தேன், மூணாம் பந்தியிலயும் பாத்தேன். நெஞ்செலும்பைக் கூட விட்டு வைக்கலை நீரு. அத்தனை கறிக்கும் வழி விட்ட சாமான், வெறும் எச்சிக்கு மட்டும் குறுக்க நிக்குதாக்கும்?

கோவப்படாதீரு. சீக்கு பொய்யின்னு நான் சொல்லலை. பாளையங்கோட்டையில டாக்டருக்குப் படிக்காளே எம் பேத்தி, அவகிட்ட கேட்டேன். சாப்பிடுத நேரம் காணாமப் போயிட்டு, கையைக் கழுவுனதும் திரும்ப வந்து நிக்குதுன்னா பெரும்பாலும் உள்ள ஒண்ணும் சிக்கி இருக்காதாம். சோத்துக்குழாய் ஆரம்பிக்கித எடத்துல வட்டமா ஒரு தசை இருக்காம். முழுங்காத நேரமெல்லாம் அது இறுக மூடித்தான் கெடக்கும், சோறு வந்தா ஒரு நொடி தொறந்துட்டு மறுபடியும் மூடிக்கிடும். அது கொஞ்சம் கூட இறுகுச்சுன்னா, இல்ல தொண்டைத் தோல் புண்ணாட்டம் எரிச்சல்பட்டுக் கெடந்தா, உருண்டை ஒண்ணு நிக்க மாதிரியே தெரியுமாம். தெரியுதது நெசம், உருண்டைதான் பொய்.

இது ஊருலயே ஒமக்கு மட்டும் வந்த அதிசயமும் இல்லவே. கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டஸ் காலத்துலயே இந்தப் பொலம்பல் இருந்துருக்கு. சீமையில நல்லா இருக்க ஆளுகளைக் கேட்டப்பவே, கிட்டத்தட்ட பாதிப் பேரு எங்களுக்கும் என்னைக்காவது வந்துருக்குன்னு சொல்லியிருக்காவ. ரொம்ப காலத்துக்கு இதைப் பொம்பளைக தலையிலதான் கட்டுனானுவ, கர்ப்பப்பை எழும்பி வந்து தொண்டையை அடைக்கின்னு; கோட்டி சீக்குன்னு பேரும் வச்சானுவ. 1707ல ஜான் பர்செல்னு ஒரு வைத்தியர்தான் கழுத்துத் தசை இறுகி அமுக்குதுன்னு எழுதுனாரு. அப்பவும் ஊரு கேக்கலை. 1968ல மால்கம்சன்னு ஒரு டாக்டர் சோதிச்சுப் பாத்து, இது வந்தவுகள்ல பெரும்பாலான பேருக்கு அப்படி மனக்கோளாறு ஒண்ணும் கெடையாதுன்னு சொன்ன பெறகுதான் பேரையே மாத்துனாவ. பொம்பளைக்கு வந்தா கோட்டி, ஆம்பளைக்கு வந்தா பெரிய வியாதி. நல்ல நாயம்!

போகட்டும். வந்த உருண்டையைச் சும்மா விரட்டிருவீரா? கன்னுக்குட்டி கணக்காப் போஷிச்சு வளக்கணும். வழி சொல்லுதேன், கேட்டுக்கிடும்.

விடிஞ்சதும் ‘க்ர்ர்ரும்’னு தெருக்கோடி வரைக்கும் கேக்க ஒரு கனைப்புக் கனையும். தொண்டைக்குள்ள சதையும் சதையும் மோதி வீங்கும், வீங்குனா சளி கோக்கும், சளி கோத்தா மறுபடியும் கனைக்கலாம். பொழுதும் போன மாதிரி இருக்கும். இடையில சும்மா இருக்காம எச்சியை முழுங்கி முழுங்கிப் பாரும். மனுசன் தன்னை அறியாமலே ஒரு நாளைக்கு 500, 600 தடவை முழுங்குதானாம். நீரு அறிஞ்சே முழுங்கும். நாலு தடவை முழுங்குனா எச்சி வத்திரும், அஞ்சாவது தடவை தொண்டை முரண்டு பிடிக்கும். ‘அன்னா நிக்கு பாரு’ன்னு சந்தோசப்பட்டுக்கிடலாம்.

ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னாவை மிதக்க ஊத்தி அடிச்சிட்டு, கை ஈரம் காயுததுக்குள்ள மல்லாந்துரும். மெத்தையில படுத்திருக்க ஆளுக்கு வயித்துப் புளிப்பு பையத் தொண்டை வரைக்கும் ஏறி வரும். நெஞ்செரிச்சல் தெரியாமலே கூட ஏறுமாம்.

பெறகு முகம் பாக்குத கண்ணாடி. எம் மவ செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நீரு நாக்கை நாடி வரைக்கும் தொங்கவிட்டுக்கிட்டு ‘ஆ’ன்னு நின்ன கோலத்தைச் சன்னல் வழியா நானே பாத்தேன். நாக்கோட பின்கோடியில பொட்டுப் பொட்டா வரிசை கட்டி இருந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி பூரா ஒறங்கலையாமே? அது எல்லாருக்கும் இருக்கதுவே! எட்டுலருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கும், ருசி பாக்கதுக்குப் படைச்சது. முப்பத்தஞ்சு வருசம் அதை வச்சுத்தான் எங்க வீட்டு மீன்கொழம்புல உப்பு கொறைவுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீரு.

மீன்னதும் ஞாபகம் வருது. முள்ளா இருக்குமோன்னு எதுத்த வீட்டுக்காரி வெறுஞ்சோத்தை உருட்டி முழுங்கச் சொன்னாளாமே? எங்க ஆத்தாவும் அதைத்தான் சொன்னா. இப்ப டாக்டர்மாரு வேண்டாங்காவ, நெசமாவே முள்ளு இருந்தா அந்த உருண்டை அதை இன்னும் ஆழமா அழுத்திப்பிடுமாம். முள்ளுன்னா கெண்டை தின்ன அந்த நிமிசத்துலருந்தே குத்தும், ஒவ்வொரு தடவை முழுங்கையிலயும் குத்தும், இந்தப் பக்கம்னு விரலை வச்சுக் காட்டலாம். அப்படின்னா டாக்டர் எடுத்து விடட்டும். எடுத்த பெறகும் கீறுன எடம் ஒரு நாள், ரெண்டு நாளு முள்ளு இருக்க மாதிரியே ஏமாத்தும். ஒமக்கு நடுத்தொண்டையில, அதுவும் சோறு இல்லாத நேரம் மட்டும் வருது. மீன் மேல பழி போடாதீரு.

வளக்க வேண்டாம், போனாப் போதும்னா அதுக்கும் வழி இருக்கு. கனைக்கத் தோணுனா ஒரு மொடக்குத் தண்ணி குடியும். ராச்சோத்தை வெள்ளன முடிச்சிட்டு ரெண்டு, மூணு மணி நேரம் நடமாடும், படுக்கைத் தலமாட்டைக் கொஞ்சம் உசத்தும். கவலையும் கோவமும் கூடுனா இந்த உருண்டையும் கூடுமாம். பாகம் பிரிச்ச அன்னைக்குத் தம்பி முன்னால ஊமையா நின்னுட்டு வந்தீரே, அதுக்கு மறுநாள்தான் இது ஆரம்பம். ஒரு தடவை நேர்ல போய்ப் பேசிப் பாரும். உருண்டை கரையும்னு எழுதித் தர மாட்டேன், வரப்புக் கல்லாவது நேராகும்.

இப்பச் சொல்லுதது வெளையாட்டு இல்ல. சோறு நெசமாவே சிக்குனா, முழுங்கையில வலிச்சா, எப்பவும் ஒரே பக்கமா உறுத்துனா, குரல் மூணு வாரத்துக்கு மேல கம்மிக் கெடந்தா, துப்புனதுல ரத்தம் தெரிஞ்சா, ஒடம்பு தானா மெலிஞ்சா, கழுத்துல கட்டி கையில தட்டுப்பட்டா, யாரையும் கேக்காம பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிரும். பொயலை போடுதவனும் பீடி குடிக்கவனும் முதல் வண்டியிலயே ஏறணும். ஒம்ம சட்டைப் பையில புடைச்சிக்கிட்டு இருக்கது என்னன்னு நான் கேக்கலை. மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, அதுல இருக்க கேமராவுல பாத்துருவாவ. கழுத்தையும் தடவி தைராய்டு வீங்கியிருக்கான்னு பாப்பாவ.

பாத்துட்டு ‘ஒண்ணுமில்ல’ன்னு சொன்னாவன்னா அதை நம்பும். ஒண்ணுமில்லங்கதுக்கா இத்தனை ரூவா கொடுத்தேன்னு அடுத்த டாக்டரைத் தேடி மதுரைக்கு வண்டி ஏறாதீரு. ஒண்ணுமில்லன்னு கேக்கதுக்குக் குடுக்க ரூவா மாதிரி லாபமான செலவு வேற எதுவும் கெடையாதுவே.