சுழியத்தை நோக்கிய பேருழைப்பு: ஒலி ப்ளக்இன் லைப்ரரி மறுசீரமைப்பு குறித்த ஓர் ஆராய்ச்சி

பலன் காதில் விழவே கூடாது என்ற நிபந்தனையோடு மேற்கொள்ளப்படும் உழைப்புகள் உலகில் மிகச் சில. சி மொழியில் எழுதப்பட்ட ஒலி ப்ளக்இன் லைப்ரரியை மறுசீரமைப்பது அவற்றுள் தலையாயது எனக் கொள்ள இடமுண்டு. ப்ளக்இன் என்பது எதிரொலி சேர்த்தல் முதலிய வேலைகளுக்காக, ஹோஸ்ட் எனப்படும் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகப்படும் சிறு நிரல். அத்தகைய நிரல்கள் அனைத்துக்கும் பொதுவான பகுதிகளைத் திரட்டி வைத்திருப்பது லைப்ரரி; வெளிநடத்தை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்துவது மறுசீரமைப்பு.

இவ்வுழைப்பு வென்றதா என அறிய, பழைய நிரல் தந்த ஒலியில் சாம்பிள் எனப்படும் ஒவ்வோர் அளவீட்டு எண்ணையும் குறி மாற்றிப் புதிய நிரலின் ஒலியோடு கூட்டிப் பார்ப்பர்; நொடிக்கு 48,000 சாம்பிள்களும் சுழியமாகிவிட்டால் உழைப்பு வீண்போகவில்லை என்று பொருள். ஆனால் கணினியின் மிதவைப்புள்ளி எண்கள் கூட்டும் வரிசைக்குக் கட்டுப்பட்டவை: 64 பிட் கணக்கில் 0.1, 0.2, 0.3 ஆகியவற்றை இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001 என்றும், பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6 என்றும் விடை வருவதால், லூப்பை அழகுபடுத்தப் புகுந்து வரிசையை மாற்றியவரின் சோதனையில் வௌவாலுக்கும் கேட்காத ஒரு மிச்சம் நின்றுவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பாரும், ஒரு பிட் பிசகினும் பிழையே என்பாரும் என இங்கு இரு பிரிவினர் உண்டு. மிதவைப்புள்ளி எண்களுக்கென 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரம் நேர்ச்சுழியம், எதிர்ச்சுழியம் என இரண்டைத் தனித்தனியே வகுத்திருப்பதால், பைட் பைட்டாக ஒப்பிடும் இரண்டாம் பிரிவினரின் சோதனையில் மௌனமும் மௌனமும்கூட வேறுபட்டுத் தோற்பதுண்டு.

இவையெல்லாம் ஒலியின் சிக்கல்கள். உறுப்புகளை நினைவகத்தில் வரிசையாக அடுக்கும் சி மொழியின் ஸ்ட்ரக்சர் தரும் சிக்கல் இவற்றினும் கொடிது. லினக்ஸ் ஒலி நிரலாளர்களுக்காக 2000இல் வெளிவந்த லாட்ஸ்பா எனும் ப்ளக்இன் தரத்தின் ஹெடர் கோப்பில் உள்ள ஸ்ட்ரக்சரில், ப்ளக்இன்னின் ஃபங்ஷன்கள் ரன், ரன் ஆடிங், செட் ரன் ஆடிங் கெய்ன், டிஆக்டிவேட், கிளீனப் என்ற வரிசையில் முடிகின்றன. இவற்றுள் ரன் ஆடிங், ஒலியைப் பழையதன்மேல் எழுதாமல் அதனோடு கூட்டித் தருவது. அதன் அளவைக் குறிப்பது அடுத்தது. இரண்டும் கட்டாயமில்லாதவை, பின்வந்த எல்வி2 தரத்தில் இவை இடம்பெறவும் இல்லை. எனவே தூய்மை விரும்பும் மறுசீரமைப்பாளர் இவ்விரு வரிகளை நீக்கத் துடிப்பது இயல்பே. ஆனால் முன்பே கம்பைல் செய்யப்பட்ட ஹோஸ்ட், பந்தியில் முகம் பாராமல் இலையை எண்ணிப் பரிமாறுபவரைப் போல, ஃபங்ஷனைப் பெயரால் அன்றி இடத்தால் அறிகிறது. இரண்டு இடங்கள் நீங்கினால், ரன் ஆடிங்கைத் தேடிச் செல்லும் ஹோஸ்டுக்கு டிஆக்டிவேட் கிட்டும். ஒலியளவைக் கொஞ்சம் குறைக்கச் செல்லும்போது அவ்விடத்தில் கிளீனப் அமர்ந்திருக்க, ப்ளக்இன் தன் நினைவகத்தை விடுவித்துக்கொண்டு முற்றாகக் கலைந்துவிடும். ஒலியளவு குறைந்ததா எனில், குறைந்தது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே அறிந்தோர் அவ்விரு வரிகளையும் தொடுவதில்லை. தத்தம் ப்ளக்இன்னில் அவ்விடங்களை நல் எனப்படும் வெற்றுக் குறியால் நிரப்பிவிட்டு, அடுத்த கோப்பைத் திறப்பர்.