நாலு கோலும் ஏழு தாத்தா பாட்டியும்

எனக்குக் காற்பந்து தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று மச்சான் மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறான்; மூன்று தடவையும் தலையாட்டி வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனை 2025 ஜூன் 10 அன்று, மத்தியானம் மூன்று மணிக்கே டெங்கிலிலிருந்து கிளப்பிவிட்டான். புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. ஆட்டம் என்னவோ ராத்திரிதான். "இப்பப் போனாத்தான் மாமா காடிய வைக்க எடம் கெடைக்கும்" என்றான். கூட வேலை செய்பவன் வரமுடியாமல் மீந்துபோன டிக்கெட் என் தலையில் விழுந்தது.

படி இறங்கும்போது கீழ்வீட்டுப் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்கே கிளம்பிட்டீங்க என்றார். சொன்னோம். "நம்ம நாடு ஜெயிக்கட்டும்யா" என்றார். பெரியம்மாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை, சிவப்பு; குடியுரிமை இல்லாதவர்களுக்கான நிறம். நம்ம நாடு என்று அவர் சொல்வதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் எதுவும் கிடையாது என்று பொருள்.

டெங்கிலிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் புத்ராஜெயா வரும். ஏரி, பாலங்கள், பிரதமர் அலுவலகத்தின் பச்சைக் குவிமாடம். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்கள் ஆட்கள் பேசாமல் கடப்பார்கள். அந்த ஏரி இருக்கும் மண்ணில்தான் பெரியம்மா பால்வெட்டினார். பிராங் பெசார், செட்ஜிலி, மெடிங்லி, காலவே என்று நாலு தோட்டங்கள். முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக 1921-இல் திறந்த தோட்டம் பிராங் பெசார். மலாயில் 'பெரும் போர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தலைநகரம் கட்ட வேண்டும் என்று 1990-களில் தோட்டங்களைக் காலி செய்து, லயத்து ஜனங்களைக் கொண்டுவந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் சுவரில் விரிசல் வந்தது. தரை வீடு தருவோம் என்றார்கள். அந்தத் தரை வீட்டைப் பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு, பார்க்காமலே அதன் வரவேற்பறை எங்களுக்கு மனப்பாடம்.

பிராங் பெசார் தோட்டத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. ரப்பர் உலகத்தில் 'பி.பி.' என்று தொடங்கும் ஒட்டுரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. பி.பி. 260 என்ற ரகத்துக்குத் தாய்மரம் பி.பி. 5/51, தகப்பன்மரம் பி.பி. 49. எங்கே கேட்டாலும் சொல்வார்கள். ஏட்டில் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அந்த மரத்துக்குக் கீழே, மருத்துவச்சி கையில் பிறந்த பெரியம்மாவுக்கு மட்டும் பிறப்புப் பத்திரம் இல்லை. மரத்துக்குக் குலவரலாறு எழுதிய கிராணிக்கு, அதாவது தோட்டத்து எழுத்தருக்கு, வெட்டுகிறவள் பெற்ற பிள்ளையின் பெயரை எழுத மை தீர்ந்துபோயிருக்கும். பெரியம்மாவின் அப்பா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். அதற்கும் பத்திரம் இல்லை.

அரங்கத்துக்கு வெளியே நாலு மணியிலிருந்தே திருவிழா. வெயில் தாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட புலிச் சட்டை ஒன்றை மச்சான் எனக்கு வாங்கிக் கொடுத்தான். துணி மூச்சு விடவில்லை. நெஞ்சில் இருந்த புலி அரைமணி நேரத்தில் வியர்வையில் நனைந்து பூனையாகிவிட்டது. நாசி லெமாக், ஐஸ் மைலோ, மறுபடி ஒரு நாசி லெமாக். பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் அந்தக் காலத்து ஆட்டக்காரர் சாந்தோக் சிங்கைப் பற்றி ஆரம்பித்தார். நான் ஆறுமுகத்தைச் சொன்னேன். காற்பந்து தெரியாதவனுக்கும் ஸ்பைடர்மேன் ஆறுமுகத்தைத் தெரியும். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பு அரசியலால் போகாமல் விட்ட அணியின் கோல்காவலர். பெரியவர் என் முதுகில் தட்டினார். அந்த அரைமணி நேரம் நான் முழு மலேசியனாக இருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் பிகெய்ரெடோ ஒன்று போட்டார், ஹொல்காடோ ஒன்று போட்டார், பிறகு இன்னும் இரண்டு. நாலுக்குப் பூஜ்யம். பொய் சொல்லக் கூடாது, நானும் எழுந்து நின்று கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. "யாருடா இவங்க, பேரெல்லாம் புதுசா இருக்கு?" என்று மச்சானைக் கேட்டேன். "பாரம்பரிய ஆட்டக்காரங்க மாமா. தாத்தா பாட்டி இங்க பொறந்தவங்களாம்" என்றான். அடடா, எங்கிருந்தெல்லாம் நம் ரத்தம் ஓடி வந்து சேர்கிறது என்று எனக்குக் கண் கலங்கியது. நாசி லெமாக் சம்பலாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 26 அன்று ஃபிஃபா அந்தத் தாத்தா பாட்டிகளைத் தோண்டி எடுத்தது. ஏழு ஆட்டக்காரர்கள், ஏழு போலிப் பத்திரங்கள். கூச்சிங்கில் பிறந்ததாகக் காட்டிய ஒரு பாட்டி உண்மையில் ஸ்பெயினில் குயெர்னிகாவில் பிறந்தவர். மலாக்காவில் பிறந்த ஒரு தாத்தா நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்துக்காரர். மற்றவர்களின் பூர்வீகம் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின் என்று போனது. செத்துப்போன கிழவர்களை எழுப்பி, கடல் கடத்தி, நம் ஊர்ப் பிரசவ அறையில் இரண்டாம் தடவை பிறக்க வைத்திருக்கிறார்கள். மறுபிறவி உண்டென்று நம்புகிற நாங்களே ஏழு பிறப்பு என்றுதான் கணக்கு வைத்திருக்கிறோம். அதிலும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை.

மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 2,000 பிராங்க், ஓராண்டுத் தடை. சங்கம் என்ன சொன்னது தெரியுமா? நிர்வாகப் பணியாளர் ஒருவர் செய்த தொழில்நுட்பத் தவறு. இந்த நாட்டில் எது இடிந்து விழுந்தாலும் அடியில் ஒரு கிராணி படுத்திருப்பார். நவம்பரில் மேல்முறையீடும் போச்சு. இது சுத்தமான ஏமாற்று வேலை என்று ஃபிஃபா எழுதியே வைத்துவிட்டது. சிங்கப்பூரை 2–1 என்று வென்ற நட்பு ஆட்டம்கூட டிசம்பரில் 0–3 தோல்வியாக மாறியது. 2026 ஜனவரியில் செயற்குழு மொத்தமாக விலகியது. சட்டப்படிதான் குடியுரிமை தந்தோம், எனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தினேன் என்று உள்துறை அமைச்சர் முன்பே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்.

என் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு செய்தி வந்தது: தாத்தா பாட்டிகளின் அசல் பிறப்புப் பத்திரம் தேசியப் பதிவிலாகாவின் கைக்கு வரவே இல்லை. அசலைப் பார்க்காமலே உறுதிச் சான்று போயிருக்கிறது.

அசலைப் பார்க்காமல்! ஐயா, குடியுரிமை கேட்டு பெரியம்மாவுக்குத் துணையாக நான் ஏறாத கவுண்டர் இல்லை. அசல் எங்கே என்றார்கள். தோட்டத்து ஆபீசில் என்றோம். தோட்டத்து ஆபீஸ் எங்கே என்றார்கள். ஏரிக்கு அடியில் என்றோம். சாட்சி கொண்டு வா என்றார்கள். மருத்துவச்சி செத்து நாற்பது வருஷமாச்சு. பத்திரம் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிய 2011-இல் 'மைடஃப்தார்' என்று இயக்கம் நடந்தபோதும் போய் நின்றோம். பாரம் நிரப்பினோம், பெருவிரல் மை கழுவ ஒரு துணிகூடக் கொடுத்தார்கள். பெரியம்மாவின் மலாய் மொழி போதாது என்றும் ஒருத்தர் குறிப்பு எழுதினார். அரசியலமைப்புச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது: போதுமான மலாய் தெரிய வேண்டும், பன்னிரண்டு வருஷத்தில் பத்து வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். பெரியம்மா எழுபது வருஷமாக இங்கேயே குடியிருந்துவிட்டார். அதுதான் தவறோ என்னவோ. கொஞ்ச காலம் அர்ஜென்டினாவில் இருந்து பந்து உதைத்துவிட்டு வந்திருக்கலாம்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. புல் பாதி, மண் பாதி. அங்கே ஒரு பையன் ஆடுகிறான். காற்பந்து தெரியாத நானே நின்று பார்க்கிறேன் என்றால் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். வெறுங்கால். பந்து காலை விட்டுப் போவதில்லை, வளர்த்த நாய் மாதிரி. அப்பா இந்த நாட்டுக்காரர், அம்மா வெளிநாடு; பையன் பிறந்த பிறகுதான் திருமணத்தைப் பதிந்தார்கள். அதனால் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லாதவர்' என்று அடித்துவிட்டார்கள். போன வருஷம் ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். இரண்டு கோல் போட்டான். ஐசி எண் கேட்டார்கள். திரும்பி வந்தான். அவனுக்குத் தாத்தா இருக்கிறார். தகப்பன் வழியில், உள்ளூரிலேயே, உயிரோடு, குடிமக்களுக்கான நீல அட்டையோடு. ஆனால் அவர் பேரனுக்கு உதவாத தாத்தா. செத்த ஸ்பெயின் பாட்டிக்கு இருக்கும் செல்வாக்கு உயிரோடிருக்கும் டெங்கில் தாத்தாவுக்கு இல்லை.

உள்ளூர்ப் பையன்களை நம்பிக் கெட்ட கதையும் நம்மிடம் இருக்கிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்து மீஃபா அணி வளர்ந்து பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பி. மணியம் பயிற்சியில் சூப்பர் லீக் முழுக்க ஆடியது. அந்த வருஷத்தோடு லீக்கை விட்டு விலகியும் விட்டது. பாவம், அவர்களிடம் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், தாத்தா தயாரிக்கும் இயந்திரம் இல்லை.

போன வாரம் புலிச் சட்டையைக் கொடியில் காயப்போட்டிருந்தேன். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, அந்த ஆட்டம் என்னவோ வழக்கு வம்பாயிருச்சாமே?" என்று கேட்டார். உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னேன். குயெர்னிகாப் பாட்டி, மலாக்கா தாத்தா, பார்க்காத அசல், பழி சுமந்த கிராணி, எல்லாம். கோபப்படுவார், நாலு கெட்ட வார்த்தை விழும் என்று எதிர்பார்த்தேன். கீரையை உருவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு பேருக்கும் எத்தனை நாளில் முடிந்தது என்று மட்டும் கேட்டார். சில மாசம்தான் என்றேன்.

கீரைக் காம்பைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"அந்தக் கிராணி இப்ப எந்தக் கவுண்டர்ல ஒக்காந்திருக்காருன்னு விசாரிச்சுச் சொல்லுய்யா. காலையிலயே போயி நம்பர் எடுத்துருவோம்."