சாம்பாருக்கு ஒரு குட்டிக் கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு எழுந்து வந்து டிபன் கேட்டால் வீட்டில் திட்டு விழும். அதையே மும்பையின் பாந்த்ரா குர்லா வளாகத்தில் கேட்டால் பெயர் பிரஞ்ச். கதவைத் திறந்துவிட ஆள் நிற்பார். சனி இரவு கூத்தடித்தவர்கள் மறுநாள் நிதானமாக எழுந்து சாப்பிடட்டும் என்று 1895-இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் கட்டுரையே எழுதி வாதாடினார். கேள்வி கேட்க அவருக்கு மாமியார் இல்லை போலும்.

மெனுவில் ‘கன்பவுடர் இட்லி’. நம்ம மிளகாய்ப்பொடிதான், வெடிப்பது பில்லில். கறுப்புக் கல் பலகையில் கோலிக்குண்டு அளவு இட்லிகள், தலைக்கு ஒரு கறிவேப்பிலை. மருந்து ஊற்றுகிற அளவில் ஒரு குட்டிக் கிளாஸ் சாம்பார். இன்னும் கொஞ்சம் என்றால் சர்வர் மேனேஜரைப் பார்க்கிறார், மேனேஜர் கூரையைப் பார்க்கிறார். இரவு டின்னருக்கும் அதே இட்லிதான், மெழுகுவத்தி வெளிச்சத்தில். விலை கண்ணில் படாத அளவுக்கு இருட்டு.

மிதி ஆற்றைத் தாண்டி, தாராவியையும் தாண்டினால் மாட்டுங்கா. 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் தொடங்கி இன்னும் வாழையிலை போடும் ராம நாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங். ஞாயிறு காலை கஃபே வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் கூட்டத்தில் பாதி, கூலிங் கிளாஸ் போட்ட பாந்த்ரா. உள்ளே போனால் மேஜையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தோசையைப் பல கோணங்களில் படமெடுக்கும் பையனிடம் எதிர் நாற்காலி மாமி சொல்வார்: “போட்டோ வந்துடுத்தோன்னோ? ஆறறது, சாப்பிடுங்கோ. வெளியில ஆள் நிக்கறா.”