குழுவுக்கு ஒரு சான்றிதழ்

அனுப்புநர்: ஓர் அம்மா, டோக்கன் எண் 34.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், மாற்றுத்திறன் சதவீதம் வழங்கும் மருத்துவக் குழு, ஓர் அரசு மருத்துவமனை, பழைய கட்டடம், இரண்டாம் மாடி.

பொருள்: தங்கள் குழுவை மதிப்பீடு செய்து சான்று வழங்குதல் தொடர்பாக.

பார்வை: 'கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை' என்று என் மகனைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசமா, கவனக் குறைபாடா (ஏடிஹெச்டி), இரண்டுமா என்று பார்த்துவரச் சொல்லிப் பள்ளியில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து நான் நிரப்பாத படிவம் இல்லை. மூன்றாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்ததா, பிறந்ததும் அழுதானா, எப்போது குப்புற விழுந்தான், எப்போது 'அம்மா' என்றான்... பிள்ளை பெற்ற கதையை இத்தனை பேரிடம் ஒப்பித்ததில், அது யாரோ ஒருத்தியின் கேஸ் ஷீட் போல எனக்கே ஆகிவிட்டது. இதற்கு நடுவே எங்கள் சொந்தக்காரர்களும் ஒரு குழு அமைத்தார்கள். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள், பெயரை மாற்றச் சொன்னார்கள், "இவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று வழக்கையே முடித்துவைத்தார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் முத்திரை ஒன்றுதான் வித்தியாசம்.

எல்லாப் படிவங்களிலும் எனக்குப் பிடித்துப்போனது உங்கள் மேசையில் கிடந்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்தான். ஆறு பிரிவு, 40 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 20 சதவீத நேரம் வரை அப்படி நடந்துகொண்டால் 1. 80 சதவீதத்தைத் தாண்டினால் 5. "உங்க பையன் எத்தனை பர்சன்ட் நேரம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான்?" என்று கேட்டார் அங்கிருந்த உளவியலாளர் தம்பி. ஒரு அறுபது இருக்கும் என்றேன். "அறுபதா, அறுபத்தொண்ணாம்மா? அறுபதுன்னா மூணு. அறுபத்தொண்ணுன்னா நாலு" என்றார். சாம்பாரைக் கிளறிக்கொண்டே பிள்ளையின் பார்வைக்கு ஸ்டாப் வாட்ச் வைக்கத் தவறிய தாய் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த அளவுகோலில் ஒரு பெரிய ஜனநாயகம் இருக்கிறது, ஐயா. 40 கேள்விக்கும் குறைந்தது ஒன்று போட்டே தீரவேண்டும் என்பதால் யாருக்கும் அதில் பூஜ்யம் கிடையாது. கலெக்டருக்கும் 40, உங்களுக்கும் 40, எனக்கும் 40. எழுபதுக்குக் கீழே இருக்கும்வரை நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். எழுபதைத் தொட்டுவிட்டால் ஒரே தாவலில் 40 சதவீதக் குறைபாடு. அறுபத்தொன்பதுக்குக் கையை விரித்துவிடுவீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி, மேல்படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு என்று உள்ள சலுகைகளுக்கு வாசற்படி அந்த 40 சதவீதம்தான். ஒரு பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, நான் 'அறுபது' என்றேனா 'அறுபத்தொன்று' என்றேனா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

யாருக்கும் பூஜ்யம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. காத்திருக்கும் நேரத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அதே அளவுகோலால் உங்கள் குழுவை மதிப்பிட்டேன். நான் படித்துப் பட்டம் பெற்ற உளவியலாளர் இல்லைதான். ஆனால் என் மகனை நீங்கள் பார்த்தது டீ ஆறும் நேரம். உங்களை நான் பார்த்தது பொழுது சாயும்வரை.

கண் பார்த்துப் பேசுதல். ஜன்னலுக்குள் இருந்தவர் என் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் கேட்டார்; கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை. என் மகனும் முகம் பார்க்க மாட்டான், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வான். ஐந்து போட்டேன்.

சொன்னதையே திரும்பச் சொல்லுதல். "அடுத்த புதன் வாங்க." போன புதனும் இதையே சொன்னீர்களே சார் என்றேன். "அடுத்த புதன் வாங்க." இதற்கும் ஐந்து.

மாற்றத்தை ஏற்க மறுத்தல். ஆதாரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் இருக்கவேண்டுமாம். இரண்டு தாளில் கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் அழாத குறையாகக் கீழே இறங்கி, சாலையைக் கடந்து, ஜெராக்ஸ் கடையில் நின்று வந்தபோது மணி ஒன்று. முத்திரையைப் பீரோவில் பூட்டிச் சாவியோடு சாப்பிடப் போயிருந்தார்கள். உயிரற்ற பொருள்மீது அளவுகடந்த பற்று என்று ஒரு கேள்வி உண்டே, அதையும் அப்போதே நிரப்பிவிட்டேன்.

வலி தெரியாமை. லிஃப்ட் பழுது. நடக்க முடியாத பன்னிரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினாள் ஒருத்தி. மாற்றுத்திறனாளிகளைச் சோதிக்கும் அறையை மாடியில் வைக்க யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். இதற்கு ஐந்துக்குமேல் போட இடமில்லை.

மொத்தம் எவ்வளவு என்று கேட்பீர்கள். அடுத்த புதன் வாங்க.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் உளவியலாளரை வைத்துக்கொண்டு அத்தனை கூட்டத்தையும் பார்க்கச் சொன்னால் யாராக இருந்தாலும் பிள்ளையைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார். அந்தத் தம்பி மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இனி கவனக் குறைபாட்டுக்கு வருகிறேன். அன்று காலை அட்டெண்டர் கதவருகே நின்று டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொண்ணு என்றார். அவர்கள் வெளியே வந்ததும் முப்பத்திமூணு என்றார். என் மகன் தரையில் உட்கார்ந்து செருப்பின் வெல்க்ரோவைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான். தலையைத் தூக்காமலே, "முப்பத்திரண்டு எங்க?" என்றான். யாரும் கண்டுகொள்ளவில்லை. "முப்பத்திரண்டு எங்க? முப்பத்திரண்டு எங்க?" குரல் ஏறிக்கொண்டே போனது. "பையனைக் கொஞ்சம் அடக்கும்மா" என்றார் அட்டெண்டர். ஓரத்து பெஞ்சில் பேரனை மடியில் கிடத்தியிருந்த ஒரு பாட்டி, உள்ளங்கையில் வியர்வையில் ஊறிய சீட்டை விரித்துக் காட்டினார். 32. அவருக்கு எண் படிக்கத் தெரியாது. அவரை உள்ளே விட்டார்கள். எங்கள் முறை வந்தபோது என் மகனின் தாளில் 'ஒழுங்கு மாறினால் பதற்றம்' என்ற இடத்தில் 4 விழுந்தது. பொய்யில்லை, இருக்கட்டும். ஆனால் அந்த வராண்டாவில் அதைக் கவனித்த ஒரே ஆள், கவனம் போதவில்லை என்று பள்ளி எழுதி அனுப்பிய ஆள்.

கவனக் குறைவுக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள். குழந்தைகளுக்கு ஆறு இருந்தால் போதும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். சிறு விவரங்களில் பிழை: சான்றில் என் மகனின் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். பொருட்களைத் தொலைத்தல்: எங்கள் முதல் ரிப்போர்ட். தொடங்கியதை முடிக்காமை: லிஃப்ட். எதிரே நின்று பேசினாலும் காதில் விழாமை: இதற்கு வராண்டாவே சாட்சி. இரண்டு இடங்களிலும் தெரிகிறது. கவுன்ட்டரில் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. அந்த ஆன்லைன் தளத்துக்குத் துறுதுறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. போட்டோவை ஏற்றி முடிப்பதற்குள் நம்மை வெளியே தள்ளிவிட்டு ஓடிவிடும்.

அதே கையேடு, 2013 வரை ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒரே குழந்தைக்குச் சேர்த்து எழுதக் கூடாது என்றது. பிள்ளைகளுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டேதான் வளர்ந்தார்கள். அமெரிக்கா திருந்திவிட்டது. நம் சட்டமோ இரண்டும் உள்ள என் மகனின் ஒரு பாதிக்குச் சதவீதம் தருகிறது, மறுபாதியைக் கண்டுகொள்வதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏடிஹெச்டி மட்டும்தான். அவள் உங்கள் மாடிப்படியில் கால் வைக்கவே வேண்டியதில்லை.

பள்ளிக்குச் சான்றை எடுத்துப்போனேன். சான்று இல்லாதவரை அவன் சேட்டைக்காரன், அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்தவள். சான்றைப் பார்த்ததும், "இந்த மாதிரிப் பசங்களுக்கு எங்ககிட்ட ஃபெசிலிட்டி இல்ல மேடம், தனி டீச்சருக்கு நீங்களே சம்பளம் குடுக்கணும்" என்றார்கள். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தக்க வசதி செய்து தரவேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லிப் பார்த்தேன். அவர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே இதன்மூலம் தங்கள் குழுவுக்குச் சான்று வழங்கப்படுகிறது. வாழ்நாள் முழுக்க இருக்கும் ஆட்டிசத்துக்கு, என் மகனின் சான்றில் 'தற்காலிகம்' என்று முத்திரை குத்தித் தந்தீர்கள். உங்களுடையதும் தற்காலிகமே, புதுப்பிக்க நேரில் வரவேண்டும். சலுகைகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. கூடுதல் நேரம் நாங்கள் கொடுத்தாயிற்று. சொல்வதை எழுதித்தர ஆளும் உண்டு. உங்கள் படிவத்தில் பாதியை நான்தான் நிரப்பினேன்.

கடைசியாகக் கேலியில்லாமல் ஒரு கோரிக்கை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. பெற்றோர்களும் அமைப்புகளும் பல்லாண்டு கேட்டுக் கேட்டு, 2016இல் பட்டியல் 21 ஆனபோதுதான் அது ஏறியது. அந்தப் பட்டியலின் கடைசியில், மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையும் என்று ஒரு வரி விட்டுவைத்திருக்கிறார்கள். ஏடிஹெச்டியை அதில் சேர்க்கப் புதுச் சட்டம் வேண்டாம், ஓர் அறிவிக்கை போதும். தினமும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும் உங்களைப் போன்ற குழுக்கள் சொன்னால் மேலே கேட்பார்கள். உங்கள் முகப்புத்தாளில் ஒரு பக்கம் எழுதி, முத்திரை வைத்து அனுப்புங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓர் அம்மா