கோல்ஃப் விதி நூலில் திருத்தம் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: கோல்ஃப் விதிகள் குழு, ஆர் அண்ட் ஏ, செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து.

விடுநர்: பீடோங் வட்டாரத்து முன்னாள் லயத்துவாசி ஒருவர், கெடா, மலேசியா.

பொருள்: தோட்டக்காடுகளில் எழும் கோல்ஃப் மைதானங்களுக்குத் துணைவிதிகள் சேர்ப்பது குறித்து.

கனம் பொருந்திய குழுவினர் சமூகத்துக்கு,

விண்ணப்பதாரர் இன்றுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் அல்லர். அதற்காக இந்தக் கடிதத்தைக் குழுவினர் ஒதுக்கிவிடக் கூடாது. அவருக்கும் இந்த ஆட்டத்துக்கும் பந்து வழியில் ஒரு சொந்தம் இருக்கிறது.

ஒரு காலத்தில் கோல்ஃப் பந்து என்பது இறகு திணித்துத் தைத்த தோல் உருண்டை. 1848 வாக்கில், செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்துப் பின்னாளில் பாதிரியாரான ராபர்ட் ஆடம்ஸ் பேட்டர்சன் அதற்கு மாற்றாகக் குட்டா பெர்ச்சாவை உருட்டிப் பந்தாக்கினார் என்பார்கள். குட்டா பெர்ச்சா மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். அது அவர் கைக்கு எப்படிக் கிடைத்ததாம்? கிழக்கிலிருந்து கப்பலில் வந்த ஒரு விஷ்ணு சிலை உடையாமலிருக்க, பெட்டிக்குள் குட்டா பெர்ச்சாத் துண்டுகளைப் போட்டு அடைத்திருந்தார்களாம். ஆராய்ச்சியாளர்கள் இதை முழுசாக நம்புவதில்லை. தோட்டத்துக்காரர்கள் நம்புவார்கள், பெருமாள் பேரைச் சொல்லி வந்த பொருள் வீணாகப் போகுமா?

அடுத்து 1898-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிய பந்தைக் கொண்டுவந்தார். அதை அடித்துத்தான் சாண்டி ஹெர்ட் 1902 பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நல்ல பந்து என்றால் உள்ளே ரப்பர் நூல் சுற்றியிருக்கும். அந்த ரப்பர்க் காலத்தில்தான், 1909-இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குக் கைமாறியது. பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கமெல்லாம் காடு அழிந்து ரப்பர்ப் பால்மரம் எழுந்தது. டப்ளின், ஸ்கார்பரோ, பேடனாக், ஹார்வர்ட் என்று துரைமார் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தார்கள். இருட்டோடு எழுந்து பிரட்டு எனும் பெயர் கூப்பிடலுக்கு நின்று, கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போன தம் அப்பா அம்மா வெட்டிய பாலில் ஒரு சொட்டாவது ஏதோ ஒரு துரையின் பந்துக்குள் போயிருக்கும் என்பது விண்ணப்பதாரரின் துணிபு. சான்று கேட்டால், பேட்டர்சனின் சிலைக்கு இருக்கிற அளவு இதற்கும் இருக்கிறது.

இப்போதைய பந்தின் உள்ளே இருப்பது பெட்ரோலியத்தில் செய்த செயற்கை ரப்பர். பந்துக்குப் பால் வேண்டாம் என்றான பிறகு, பால்மரம் நின்ற நிலமும் பால் தராத தொழில்களுக்குப் போவதுதானே முறை? செம்பனை வந்தது, தாமான் வீடுகள் வந்தன, தொழிற்பேட்டை வந்தது, கோல்ஃப் ரிசார்ட்டும் வந்தது. சுங்கைப்பட்டாணியில் நீர் விளையாட்டுப் பூங்காவோடு சிந்தா சாயாங் கோல்ஃப் ரிசார்ட் எழுந்தது. கூலிமிலும் ஒன்று. ஜெராய் மலைப் பக்கத்தில் ஹார்வர்ட் என்ற பழைய தோட்டத்துப் பெயரையே சூட்டிக்கொண்டு கோல்ஃப் கிளப்பும் ஓட்டலும் எழுந்தன.

அந்தப் பெயரைப் பற்றிக் குழுவினருக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் 1946, 47-இல் கெடா தோட்டங்களைக் கலக்கிய தொண்டர் படை உருவானது ஹார்வர்ட் தோட்டத்தில்தான். தலைவர் ஏ. எம். சாமி, லாரி ஓட்டியவர். கள்ளுக்கடையை மூடு என்பது முதல் கோரிக்கை. கூலிப் பணம் கள்ளுக்கடை வழியாகவே கரைந்துகொண்டிருந்த காலம் அது. பீடோங்கில் மறியல் நடந்தது, போலீஸ் வந்தது. 1947-இல் கெடாவில் நடந்த மோதல்களில் தொழிலாளர் உயிர்களும் போயின. ஆட்டம் முடிந்தபின் பியர் அருந்த ஏற்பாடில்லாத கோல்ஃப் கிளப்பைக் காண்பது அரிது. அவற்றில் எதையும் மூடச் சொல்லும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இல்லை. முதல் கோப்பையைத் தூக்கும்போது ஏ. எம். சாமி பேரைச் சொல்லிவிட்டுக் குடிக்கலாம் என்று ஒரு துணைவிதி சேர்த்தால் போதும்.

விதி நூலைத் தேடிப்பிடித்துப் படித்தபோதுதான் அவருக்கு மலைப்பு வந்தது. 1744-இல் லீத் நகரத்துக் கனவான்கள் 13 விதிகளோடு தொடங்கிய நூல், 2019 திருத்தத்தில் 24 விதிகளைக் கொண்டதாக ஆனது. ஒரு பந்துக்கு இத்தனை கருணையா! எலி தோண்டிய வளையில் விழுந்தால் தண்டனையில்லாமல் எடுத்து வேறிடத்தில் போடலாம். பாம்போ குளவியோ அருகில் இருந்தாலும் அப்படியே. குரங்கு தூக்கிப் போனால் இருந்த இடத்திலேயே இன்னொரு பந்தை வைத்துக்கொள்ளலாம். நகர்த்த முடியாத கட்டடமோ குழாயோ ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்தால், தொல்லை தீரும் மிகக் கிட்டிய இடத்தைப் பார்த்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். முன்பு தோள் உயரத்திலிருந்து விட்டார்கள். அது கொஞ்சம் அதிகம் என்று 2019-இல் இறக்கிவிட்டார்கள்.

இந்த விதியைத்தான் விண்ணப்பதாரர் இரவல் கேட்கிறார். தோட்டம் விற்கப்பட்டால் பால் வெட்டியவருக்கு வேலை போகிறது. வேலையோடு வீடும் போகிறது. ஏனென்றால் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் தண்ணீர், கூரை, பிள்ளைக் கொட்டகை பற்றியெல்லாம் பேசியது. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வீடு சொந்தமாகும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆகவே லயத்துக் குடும்பங்களையும் பந்துகளாகக் கருதி, மிகக் கிட்டிய இடத்தில், ஒரு மட்டை நீளம் அல்ல, ஒரு மைல் தூரத்துக்குள்ளாவது, முழங்கால் உயரத்திலிருந்து மெதுவாக இறக்கிவிட ஆவன செய்ய வேண்டும். தோள் உயரத்திலிருந்து விழுந்த அனுபவம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

மட்டைப் பை சுமக்கும் கேடி பற்றிய பத்தாவது விதியும் அவரைக் கவர்ந்தது. கேடி தவறு செய்தால் தண்டனை ஆட்டக்காரருக்கு! வேலையை மேற்பார்த்த கங்காணியோ மண்டோரோ செய்த அநியாயத்துக்குத் துரை பதில் சொன்ன காலம் தோட்டத்துக் கதைகளில்கூட இல்லை. இந்த விதியை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர்களும் மலாயாவில் தோட்டம் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர்களும் எப்போதாவது சந்தித்துக்கொண்டார்களா என்பது அவருடைய சந்தேகம்.

நகர்த்த முடியாத தடைகள் என்ற பிரிவுக்கு மட்டும் கெடாவில் விலக்கு வேண்டும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயிலை ஒரு நில மேம்பாட்டாளரின் இயந்திரங்கள் தரைமட்டமாக்கின. ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற கல்லுக்கே அந்தக் கதி என்றால், ஆலமரத்தடி முனீஸ்வரரும் மதுரை வீரனும் எம்மாத்திரம்? காற்றில் வந்து விழும் சருகு, சுள்ளி, செத்த பிராணி ஆகியவற்றை எங்கே கிடந்தாலும் அகற்றலாம் என்று 15ஆம் விதி சொல்கிறது. முனீஸ்வரர் அந்தப் பட்டியலில் சேர மாட்டார் என்று எழுத்தில் ஓர் உறுதி கிடைத்தால் தேவலை.

லங்காவித் தீவின் டத்தாய் கடற்கரையில் கோல்ஃப் வீரர் ஏர்னி எல்ஸ் திருத்தியமைத்து 2014-இல் திறந்த மைதானத்தில் மணல்குழிகளே இல்லை. மழைக்காட்டு நடுவே அவை தேவைப்படவில்லை போலும். அவருக்கு விண்ணப்பதாரரின் பாராட்டு. இடத்துக்குத் தக்கபடி ஓர் ஆட்டத்தையே மாற்றலாம் என்பதற்கு அது சாட்சி. அண்டையிலுள்ள பினாங்கின் சுற்றுச்சூழல்காரர்கள் 1993-இல் தொடங்கிய உலகக் கோல்ஃப் எதிர்ப்பு இயக்கத்தில் முன்னணியில் நின்றார்கள். ஏப்ரல் 29-ஐக் கோல்ஃப் இல்லா நாள் என்றே அறிவித்தார்கள். விண்ணப்பதாரர் அவ்வளவு தூரம் போகவில்லை. புல்லுக்குப் போகும் தண்ணீரையும் உரத்தையும் கணக்கெடுத்தால் போதும் என்கிறார். நெற்களஞ்சியம் என்று பேரெடுத்த மாநிலத்தில் இது பெரிய கேள்வி அல்ல.

இதெல்லாம் விதி நூலுக்குப் பொருந்தாது என்று குழு சொல்லுமானால், 1940-இல் லண்டனருகே ரிச்மண்ட் கிளப் வெளியிட்ட தற்காலிக விதிகளை அவர் நினைவூட்டுகிறார். ஜெர்மானியர் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரியின் செயலால் பந்து நகர்ந்தாலோ அழிந்தாலோ தண்டனையின்றி வேறு பந்து வைக்கலாம் என்றார்கள். அடிக்கிற கணத்தில் குண்டு வெடித்து அடி தவறினால் அதே இடத்திலிருந்து மீண்டும் அடிக்கலாம், அதற்கு மட்டும் ஓர் அடி தண்டனை. குண்டுக்கு விதி எழுத முடிந்தவர்களுக்குப் புல்டோசருக்கு எழுதுவது கஷ்டமா?

இன்னொன்று. தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் தந்தார்கள், 2019 முதல் மூன்றுதான். தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு அலுவலகம் அலுவலகமாக அலைகிற முதியவர்கள் இங்கே இன்னும் உண்டு. அவர்களைத் தேட எத்தனை நிமிடம் என்பதையும் குழு முடிவு செய்து தெரிவிக்க வேண்டும்.

பதிலை லயத்து முகவரிக்கு அனுப்ப வேண்டாம், அங்கே வீடு இல்லை. ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று எழுதி, முதலாம் பிரிவா, இரண்டாம் பிரிவா, மூன்றாம் பிரிவா என்பதையும் குறிப்பிட்டால் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். விதி நூலின் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதிபோதனைப் பாடத்தில் வைத்துப் படிக்கக் கொடுக்கலாம் என்பது விண்ணப்பதாரரின் யோசனை.

இப்படிக்கு,
பணிவுடன்,
முன்னாள் லயத்துவாசி